525 மடங்குப் புளுகு

டெலஸ்கோப் வாங்கப் போகிறவர் கடையில் கேட்கும் முதல் கேள்வி, "இதுல எவ்வளவு தூரம் தெரியும்?" அடுத்தது, "எத்தனை மடங்கு பெருசா காட்டும்?" முதல் கேள்விக்கு விடை எளிது. சுமார் 25 இலட்சம் ஒளியாண்டுக்கு அப்பாலுள்ள ஆண்ட்ரோமீடா விண்மீன் திரள், இருட்டான ஊரில் வெறுங்கண்ணுக்கே மங்கலாகத் தெரிகிறது. அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். இரண்டாவது கேள்விதான் பர்ஸைக் காலி செய்கிறது.

பெட்டி மேல் கொட்டை எழுத்தில் '525 மடங்கு' என்றிருக்கும். முன்வில்லையின் குவியத் தொலைவு 700 மி.மீ.; அதைக் கண்வில்லையின் 4 மி.மீ. ஆல் வகுத்தால் 175. நடுவில் மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையைச் செருகினால் 525. இதில் கண்ணாடியின் தரம் எங்கே வந்தது? சோடா பாட்டிலின் அடியைக் கடைந்து வில்லையாக்கினாலும் இந்தக் கணக்கு பிசகாது.

நுணுக்கத்துக்கு எல்லை வகுப்பது முன்வில்லையின் விட்டம். ஒளி அலை என்பதால் வட்டத் துளைக்குள் நுழையும்போது விளிம்பில் வளைந்து பரவும். குற்றமே இல்லாத வில்லையும் விண்மீனைப் புள்ளியாகத் தராமல் குட்டி வட்டாகவே தரும். துளை சிறுத்தால் வட்டு பெருக்கும். பள்ளிப் புத்தகத்தில் பகுதிறன் என்று மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்தோமே, அதேதான். விட்டத்தின் ஒவ்வொரு மி.மீ.க்கும் சுமார் 2 மடங்கு என்பது அனுபவக் கணக்கு. 60 மி.மீ. கருவிக்கு 120. அதற்கு மேல் போவது, செய்தித்தாள் படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பது போல: மை பெரிதாகும், முகம் தெளியாது. 35 மடங்கிலிருந்து 525க்குத் தாவினால் அதே ஒளி 225 பங்கு பரப்பில் பரவி மங்கும். பூமி சுழல்கிற வேகத்தில் வியாழன் அரை நிமிடத்துக்குள் பார்வையை விட்டு ஓடியும் விடும்.

ஜவ்வாது மலையில், காவலூரிலுள்ள வைணு பாப்பு தொலைநோக்கியை 2.3 மீட்டர் என்றுதான் சொல்வார்கள். அது ஆடியின் விட்டம். அங்கே யாரும் மடங்கு பேசுவதில்லை.

அப்படியானால் விட்டம் மட்டும் போதுமா? போதாது. 1990இல் விண்ணுக்குப் போன ஹபிள் தொலைநோக்கியின் ஆடி 2.4 மீட்டர், விளிம்பு சுமார் 2 மைக்ரான் கூடுதலாகத் தேய்ந்திருந்தது, தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு. விளிம்பில் பட்ட ஒளியும் நடுவில் பட்ட ஒளியும் ஒரே இடத்தில் குவியாமல் படங்கள் கலங்கின. 1993இல் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தினார்கள். கலிலியோ இதைக் கைப்பழக்கத்திலேயே கண்டிருந்தார்: தன் வில்லையின் ஓரம் சரியில்லை என்று அட்டையால் மறைத்து, நடுப்பகுதியை மட்டும் பயன்படுத்தினார். 1610 ஜனவரியில் வியாழனின் நான்கு நிலவுகளை அவர் பிடித்தது சுமார் 20 மடங்கில்.

பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் பார்லோவையும் 4 மி.மீ. கண்வில்லையையும் அதற்குள்ளேயே விட்டுவிட்டு, 20 மி.மீ. வில்லையைப் பொருத்தி சனியைப் பாருங்கள். 35 மடங்குதான். பட்டாணியை விடச் சிறிதாக இருக்கும். ஆனால் வளையம் தெரியும்.