மறுப்பதும் நீக்குவதும் ஒன்றா? இணையப் பொய்த் தகவல்களும் அரசின் அதிகாரமும்

புதுடெல்லி:

மத்திய அரசைப் பற்றிய ஒரு தகவல் பொய்யானது என்று மத்திய அரசே தீர்மானிக்க வழிசெய்த விதியை மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது. ஆயினும், இணையத்தில் எது இருக்கலாம், எது நீக்கப்பட வேண்டும் என்பதை யார் முடிவு செய்வது என்ற கேள்வி அத்தீர்ப்புடன் முடிந்துவிடவில்லை. வேறு விதிகளின் வழியாக அது மீண்டும் எழுந்துள்ளது.

உண்மை சரிபார்ப்புப் பிரிவு

தகவல் தொழில்நுட்ப விதிகளில் 2023 ஏப்ரல் மாதம் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தது. மத்திய அரசின் செயல்பாடுகள் குறித்த ஒரு பதிவைப் போலியானது, பொய்யானது அல்லது தவறாக வழிநடத்துவது என்று அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவு அடையாளம் கண்டால், அதனை அகற்றாத சமூக ஊடக நிறுவனம் சட்டப் பாதுகாப்பை இழக்க நேரிடும். பயனர்களின் பதிவுகளுக்கு நிறுவனங்கள் பொறுப்பேற்க வேண்டியதில்லை என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-வது பிரிவு அளிக்கும் பாதுகாப்பே அது.

நகைச்சுவைக் கலைஞர் குணால் கம்ரா, இந்திய பத்திரிகை ஆசிரியர்கள் சங்கம் உள்ளிட்டோர் இத்திருத்தத்தை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தனர். 2024 ஜனவரியில் இரு நீதிபதிகள் அமர்வு மாறுபட்ட தீர்ப்புகளை வழங்கியது. நீதிபதி ஜி.எஸ்.படேல் திருத்தம் செல்லாது என்றும், நீதிபதி நீலா கோகலே செல்லும் என்றும் தீர்ப்பளித்தனர். மார்ச் 20-ஆம் தேதி அரசு இப்பிரிவை முறைப்படி அறிவிக்க, மறுநாளே உச்ச நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. மூன்றாவது நீதிபதியாக வழக்கை விசாரித்த ஏ.எஸ்.சந்துர்கர், திருத்தம் அரசியலமைப்பின் 14 மற்றும் 19-வது பிரிவுகளுக்கு முரணானது என்று செப்டம்பர் 20-ஆம் தேதி தீர்ப்பளித்தார்.

கருத்துச் சுதந்திரத்தை வரையறுக்க அரசியலமைப்பின் 19(2) பிரிவு எட்டுக் காரணங்களை அனுமதிக்கிறது. பொது ஒழுங்கு, அவதூறு, நாட்டின் பாதுகாப்பு ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒரு கூற்று பொய்யானது என்பது மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

பொய்யின் விலை

பொய்த் தகவலால் விளையும் தீங்கைக் குறைத்து மதிப்பிட இயலாது என்பதற்கு 2023 மார்ச் மாத நிகழ்வுகளே சான்று. வேறு சம்பவங்களின் காணொளிகள், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படும் காட்சிகளாகப் பரப்பப்பட்டன. பீகார் சட்டப்பேரவையிலும் பிரச்சினை எழுந்தது. தொழிலாளர் குடும்பங்களிடையே அச்சம் பரவியது.

தமிழ்நாடு காவல்துறை அக்காணொளிகளின் உண்மைப் பின்னணியை வெளியிட்டு மறுத்தது. முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் பீகார் முதலமைச்சர் நிதிஷ் குமாரிடம் தொலைபேசியில் பேசினார். பீகார் அதிகாரிகள் குழு நேரில் வந்து தொழிலாளர்களைச் சந்தித்தது. வதந்தி பரப்பியோர் மீது நடைமுறையில் இருந்த சட்டங்களின் கீழ் வழக்குகள் பதிவாயின. ஆதாரத்துடன் கூடிய விரைவான மறுப்பு அச்சத்தைத் தணிக்க உதவியது.

மத்திய அரசின் பத்திரிகை தகவல் அலுவலகம் 2019 முதலும், தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகம் 2023 முதலும் இத்தகைய மறுப்புகளை வெளியிட்டு வருகின்றன. அரசு தன் விளக்கத்தை முன்வைக்கும்போது இரு தரப்பும் மக்கள் பார்வையில் இருக்கின்றன. நீக்க உத்தரவில் ஒரு தரப்பு மறைந்துவிடுகிறது. ரத்தான திருத்தம் இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையைக் கடந்ததே சிக்கலுக்குக் காரணம்.

மாற்று வழி

தற்போது நீக்க அறிவிப்புகளுக்கு 79(3)(பி) பிரிவும், உள்துறை அமைச்சகத்தின் 'சகயோக்' இணையதளமும் பயன்படுகின்றன. இதனை எதிர்த்து எக்ஸ் நிறுவனம் தொடர்ந்த வழக்கை 2025 செப்டம்பரில் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. சமூக ஊடகங்களைக் கட்டுப்பாடின்றி விட இயலாது என்பது அந்நீதிமன்றத்தின் நிலைப்பாடு.

அடுத்த மாதம் மத்திய அரசு விதிகளைத் திருத்தி, இணைச் செயலாளர் அல்லது சிறப்பு அதிகாரம் பெற்ற காவல்துறை டி.ஐ.ஜி. நிலைக்குக் குறையாத அதிகாரிகளே இவ்வறிவிப்புகளை அனுப்பலாம் என்றும், சட்ட அடிப்படையைக் குறிப்பிட வேண்டும் என்றும் வரையறுத்தது. இது வரவேற்கத்தக்க கட்டுப்பாடு. ஆனால் 2026 பிப்ரவரி திருத்தத்தின்படி, அறிவிப்பைச் செயல்படுத்தும் அவகாசம் 36 மணி நேரத்திலிருந்து 3 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது.

மூன்று மணி நேரத்தில் ஒரு பதிவின் உண்மையை ஆராய்வதைவிட அதனை நீக்கிவிடுவது நிறுவனத்துக்கு எளிது. பதிவிட்டவரின் விளக்கத்தை முன்கூட்டியே கேட்க வேண்டும் என்ற நிபந்தனையும் இவ்வழியில் இல்லை. அறிவிப்புகளை மாதந்தோறும் ஆய்வு செய்வோரும் அரசின் செயலாளர் நிலை அதிகாரிகளே.

கலவரத்தைத் தூண்டும் பதிவை உடனே நீக்க வேண்டிய தேவை உண்மையானது. அரசின் திட்டத்தையோ புள்ளிவிவரத்தையோ கேள்விக்கு உட்படுத்தும் பதிவுக்கு அந்த அவசரம் பொருந்தாது. முதல் வகைக்கு விரைவான நடவடிக்கையும், இரண்டாம் வகைக்குப் பகிரங்க மறுப்பும் என்று விதிகளில் தெளிவாகப் பிரிக்க வேண்டும். நீக்கப்பட்ட பதிவின் உரிமையாளருக்குக் காரணம் தெரிவிக்கப்படுவதும், அரசு சாராத அமைப்பிடம் முறையிட வாய்ப்பளிக்கப்படுவதும் உறுதியாக வேண்டும். அதுவரை, மும்பையில் ரத்தான அதிகாரம் வேறொரு விதியின் பெயரில் தொடர்கிறது என்ற ஐயம் நீங்காது.