பழைய லோடு வண்டி: மாடல் வருடம் சொல்லாததை இன்ஜின் எண் சொல்லும்

கேள்வி: மீஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கரில் கீரையும் கத்தரியும் பயிர் செய்யும் வாசகர் ஒருவர், சாத்தாங்காடு இரும்புச் சந்தை அருகே விற்பனைக்கு நிற்கும் சிறிய டீசல் லோடு வண்டி ஒன்றைப் பார்த்து வந்திருக்கிறார். ‘2014 மாடல், பி.எஸ்.4 இன்ஜின்’ என்கிறார் புரோக்கர். கூடப்போன மெக்கானிக் சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ‘இது பி.எஸ்.3 மாதிரி தெரிகிறது’ என்கிறார். வண்டியை வாங்க வீட்டு நகையை அடகு வைக்க வேண்டும். இருவரில் யார் சொல்வது சரி, எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டிருக்கிறார்.

பதில்: வருடத்தை மட்டும் வைத்து இதற்கு விடை சொல்ல முடியாது. 2014-ல் வெளிவந்த லோடு வண்டி பி.எஸ்.3 ஆகவும் இருக்கலாம், பி.எஸ்.4 ஆகவும் இருக்கலாம். 2010 ஏப்ரலில் சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு போன்ற பெருநகரங்களுக்கு மட்டும் பி.எஸ்.4 விதி வந்தது. மற்ற ஊர்களில் பி.எஸ்.3 தான். நாடு முழுவதற்கும் பி.எஸ்.4 கட்டாயமானது 2017 ஏப்ரல் 1 அன்று. இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் ஒரே கம்பெனி, ஒரே மாடல் வண்டியை இரண்டு விதமாகவும் செய்து விற்றார்கள்.

நம்பர் பிளேட்டைப் பார்த்தும் முடிவு கட்டக் கூடாது. டி.என்.03 என்றால் தண்டையார்பேட்டை, டி.என்.18 என்றால் செங்குன்றம். ‘சென்னை நம்பர், அதனால் பி.எஸ்.4’ என்று புரோக்கர் சொல்லலாம். ஆனால் மாநிலம் விட்டு மாநிலம் ஓடும் பெர்மிட் வண்டிகளுக்கு அந்த விதியிலிருந்து விலக்கு இருந்தது. ஆகவே சென்னைப் பதிவு உள்ள வண்டியிலும் பி.எஸ்.3 இன்ஜின் இருக்க வாய்ப்பு உண்டு.

2017 மார்ச்சில் பதிவான வண்டி என்றால் இன்னும் கவனம் தேவை. பி.எஸ்.3 வண்டிகளை ஏப்ரல் 1 முதல் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் மார்ச் 29 அன்று உத்தரவிட்டது. கையிருப்பில் இருந்தவற்றைக் கடைசி இரண்டு நாளில் தள்ளுபடி போட்டு விற்றார்கள். அப்படிப் பதிவான வண்டிகள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன.

முதலில் ஆர்.சி. புத்தகம்

நகலை நம்பாமல் அசல் ஆர்.சி.யைக் கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டும். அதில் தயாரித்த மாதம், வருடம், சேஸிஸ் எண், இன்ஜின் எண், சிலிண்டர் எண்ணிக்கை, சி.சி. அளவு ஆகியவை இருக்கும். புகை விதி எந்த நிலை என்பது எம்-பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைக் கொடுத்தால் பெரும்பாலும் தெரியும். புரோக்கர் சொல்லும் ‘2014 மாடல்’ பதிவான வருடமா, தயாரித்த வருடமா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

சேஸிஸ் எண் 17 எழுத்தும் இலக்கமும் கொண்டது. முதல் மூன்றும் கம்பெனியைச் சொல்லும். எம்.ஏ.டி. என்றால் டாடா, எம்.ஏ.1 என்றால் மஹிந்திரா, எம்.பி.1 என்றால் அசோக் லேலண்ட். பல கம்பெனிகள் பத்தாவது எழுத்தில் தயாரித்த வருடத்தைக் குறிக்கின்றன. ஏ என்றால் 2010, பி 2011, சி 2012, டி 2013, இ 2014. ‘ஐ’ என்ற எழுத்து இந்த வரிசையில் கிடையாது. அதனால் ஹெச் 2017, ஜே 2018 என்று போகும். எல்லாக் கம்பெனியும் ஒரே இடத்தில் இந்த எழுத்தை வைப்பதில்லை. எனவே ஆர்.சி.யில் உள்ள வருடத்தோடு ஒத்துப் பார்ப்பது அவசியம்.

பிறகு இன்ஜினில் அடித்த எண்

ஆர்.சி. சொல்வது, கம்பெனியிலிருந்து வந்த இன்ஜினைப் பற்றி. இப்போது வண்டியில் உட்கார்ந்திருப்பது அதே இன்ஜின்தானா என்பதை இன்ஜின் பிளாக்கில் அடித்திருக்கும் எண்தான் சொல்லும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் அந்த இடத்தைத் துடைத்து, காகிதம் வைத்து பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக்கொள்ள வேண்டும். சேஸிஸ் எண்ணுக்கும் இப்படியே செய்ய வேண்டும். வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் எண் பிளாக்கின் பாக வகையைக் குறிப்பது. அதை இன்ஜின் எண் என்று நினைத்துவிடக் கூடாது. இன்ஜின் எண் உள்ளே பதியும்படி குத்தப்பட்டிருக்கும்.

எண் உள்ள இடம் மட்டும் கிரைண்டர் போட்டதுபோல் வழவழப்பாக இருந்தாலோ, புதுப் பெயின்ட் அடித்திருந்தாலோ, எழுத்துகள் மேலும் கீழுமாகக் கோணினாலோ சந்தேகப்பட வேண்டும். திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் ஓடிய வண்டிகளில் கடல் காற்றின் உப்பு பட்டு எண் அரித்துப் போவதும் உண்டு. இரும்பு ஏற்றிய வண்டி என்றால் சேஸிஸில் வெல்டிங் செய்த தடம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம்.

மெக்கானிக் கண்ணுக்குத் தெரிவது

பி.எஸ்.3 டீசல் இன்ஜினில் பெரும்பாலும் மெக்கானிக்கல் பம்ப் இருக்கும். பம்பிலிருந்து ஒவ்வொரு நாசிலுக்கும் தனித்தனி இரும்புக் குழாய் போகும். காமன் ரயில் வகையில் எல்லா இன்ஜெக்டருக்கும் பொதுவான ஒரு தடித்த குழாய் இருக்கும். ஒவ்வொரு இன்ஜெக்டர் தலையிலும் ஒயர் செருகியிருக்கும். கம்ப்யூட்டர் பெட்டியும் உண்டு. ஆனால் சில சிறிய பி.எஸ்.4 வண்டிகள் மெக்கானிக்கல் பம்போடே வந்தன. ஆகவே மெக்கானிக் சொன்னது தவறாகவும் இருக்கலாம். கண்ணால் பார்ப்பது துணைச் சான்றுதான்.

பென்சில் அச்சோடு அந்தக் கம்பெனியின் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டருக்குப் போனால், இன்ஜின் எண்ணை வைத்து எந்த வகை, எந்தப் பம்ப், எந்த ஹெட் கேஸ்கெட் என்று பார்த்துச் சொல்வார்கள். ஹெட்டை மட்டும் வேறு வண்டியிலிருந்து மாற்றிப் போட்ட இன்ஜின்களும் சந்தையில் உண்டு. அதனால் பம்ப், இன்ஜெக்டர் மேலுள்ள எண்களையும் குறித்துக்கொண்டு போவது நல்லது.

எண் ஒத்துப்போகவில்லை என்றால்

இன்ஜினை மாற்றுவது குற்றமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். ஏற்றாத வண்டியை வாங்கினால் எஃப்.சி.க்குப் போகும்போதும், விபத்துக்குப் பிறகு இன்ஷூரன்ஸ் கேட்கும்போதும் சிக்கல் வாங்கியவர் தலையில்தான் விழும். எட்டு ஆண்டு கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. உண்டு என்பதால் இதைத் தள்ளிப்போடவும் முடியாது. புகைச் சோதனையிலும் வித்தியாசம் இருக்கிறது. பி.எஸ்.4-க்கு முந்தைய டீசல் வண்டிக்கு 65 எச்.எஸ்.யு. வரை அனுமதி, பி.எஸ்.4 வண்டிக்கு 50 தான். ஆர்.சி.யில் பி.எஸ்.4 என்றிருந்து உள்ளே பழைய பி.எஸ்.3 இன்ஜின் இருந்தால் சோதனையில் தேறுவது கடினம்.

டிராக்டர் வாங்குவோர் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. டிராக்டருக்கு ‘டிரெம்’ என்ற தனி விதி. 50 குதிரைத் திறனுக்கு மேற்பட்டவற்றுக்கு 2023 ஜனவரி 1 முதல் டிரெம் 4 வந்தது. ஆனால் எண்ணை ஒத்துப் பார்க்கும் முறை டிராக்டருக்கும் இதேதான்.

மீஞ்சூர் வாசகர் செய்ய வேண்டியது இதுதான். ஆர்.சி.யும் பிளாக்கில் உள்ள எண்ணும் ஒத்து, இரண்டும் பி.எஸ்.3 என்று சொன்னால் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. மெக்கானிக்கல் பம்ப் இன்ஜினைக் கிராமத்து மெக்கானிக்கே பிரித்துச் சரிசெய்துவிடுவார். கீரைக் கட்டு ஏற்றிப் போக அது போதும். ஆனால் பி.எஸ்.3 வண்டிக்குரிய விலையைத்தான் கொடுக்க வேண்டும். எண் ஒத்துப்போகாவிட்டால், விற்பவர் தன் செலவில் ஆர்.சி.யில் ஏற்றித் தரும்வரை முன்பணம் கொடுக்கக் கூடாது. ‘இன்றே கொடுத்தால்தான் இந்த விலை’ என்று புரோக்கர் அவசரப்படுத்தினால், வேறு வண்டி பார்க்கலாம். எண் சரியாகும்வரை நகை வீட்டிலேயே இருக்கட்டும்.