438 மார்க்குக்கு ஏன் பொருளியல்?

இந்த வாரம் வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. எங்கள் தெருமுனையில் பூக்கட்டி விற்கும் அம்மாவின் மகள் பத்தாம் வகுப்பில் 438 வாங்கியிருக்கிறாள். பிளஸ் ஒன் சேர்க்கைக்குப் போனவள், பொருளியல் இருக்கிற குரூப் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். மார்க்கைப் பார்த்த ஆசிரியர், "இவ்வளவு எடுத்துட்டு அதுல ஏம்மா போய் விழுற? பயோ-மேத்ஸ் எழுதிட்டு வா" என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம்.

விழுவதாம்! 1978இல் பிளஸ் டூ வந்த நாளிலிருந்து இதைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். மார்க் பட்டியலை மேலிருந்து கீழே எண்ணுவோம். முதல் வரிசை அறிவியலுக்கு, மிச்சம் மற்றதற்கு. பொருளியல் வகுப்பின் முதல் நாளில், நாம் எதிலோ தோற்றுத்தான் இங்கே வந்தோம் என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை பெஞ்சில் உட்காருகிறது. அதற்கு அந்த எண்ணத்தைக் கொடுத்தவர்கள் நாம்.

பாடப்புத்தகத்தின் மேல் எனக்குப் பெரிய குறை இல்லை. பதினொன்றாம் வகுப்பில் தமிழ்நாட்டுப் பொருளாதாரத்துக்கென்றே ஒரு பாடம் வைத்திருக்கிறார்கள். குறை, நடத்தும் விதத்தில். குறைந்து செல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியை அதன் எடுகோள்கள், விதிவிலக்குகளோடு மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு வெளியே வருகிற பிள்ளை, பள்ளி வாசலில் மாங்காய்ப் பத்தை விற்கிற பாட்டி அன்றைக்கு எவ்வளவு முதல் போட்டார் என்று ஒருநாளும் கேட்டிருக்காது.

ஏன் பொருளியல் என்று நானும் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். பேசாமல் உள்ளே போய் அம்மாவின் தண்டல் அட்டையை எடுத்து வந்தாள். உள்ளங்கை அளவு அட்டை. அதில் நூறு கட்டங்கள். தண்டல்காரர் தினமும் சாயங்காலம் வந்து 100 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். 63 கட்டங்கள் நிறைந்திருந்தன. பூ ஈரம் பட்டு ஓரம் ஊறி, பேனா மை கலைந்திருந்தது. கடன் 10,000 என்று பேர். பிடித்ததுபோகக் கையில் வந்தது 9,000.

அட்டையின் பின்பக்கம் பென்சிலில் ஒரு கணக்கு. 9,000க்கு வட்டி 1,000. நூறு நாளைக்கு 11 சதவீதம், வருஷத்துக்கு 40. எல்லோரும் போடுகிற கணக்குதான். அதை அடித்துவிட்டு, கீழே வேறொன்று போட்டிருந்தாள். தினம் கட்டிக்கொண்டே வருகிறோமே, ஐம்பதாம் நாளில் பாதிக் கடன்தானே நம்மிடம் இருக்கிறது? அப்படியானால் சராசரியாக 4,500 ரூபாய்க்குத்தான் அந்த 1,000 வட்டி. வருஷத்துக்கு ஏறக்குறைய 80 சதவீதம். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

"பேங்க்ல வட்டி கம்மின்னு அம்மாவுக்குத் தெரியும் சார். தெரிஞ்சும் ஏன் இவர்கிட்ட வாங்குறாங்க? அது எந்தப் பாடத்துல வரும்?"

எனக்கு உடனே ஸ்லேட்டர் நினைவுக்கு வந்தார். கில்பர்ட் ஸ்லேட்டர் 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியலின் முதல் பேராசிரியராக வந்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் உழைக்கும் மக்களுக்காக நடந்த ரஸ்கின் கல்லூரியில் முதல்வராக இருந்தவர். விடுமுறைக்கு ஊருக்குக் கிளம்பிய மாணவர்களின் கையில் கேள்விப் பட்டியலைக் கொடுத்து அனுப்பினார். உன் ஊரில் எத்தனை வீடு, எத்தனை மாடு, நிலம் யாரிடம், கடன் யாருக்கு, கூலி பணமா நெல்லா? இருவேல்பட்டு, கங்கைகொண்டான், தூசி, பாலக்குறிச்சி என்று ஊர் ஊராக அவர்கள் கேட்டு எழுதி வந்ததுதான் 1918இல் வெளிவந்த 'சம் சவுத் இந்தியன் வில்லேஜஸ்'.

அந்தக் கேள்விகளின் ஆயுள் பெரிது. 1936–37இல் ஆய்வாளர்கள் அதே ஊர்களுக்கு மறுபடி போனார்கள். பிறகு 1961இல் போனார்கள், எண்பதுகளில் போனார்கள். விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 2008இலும் ஆய்வாளர்கள் போனார்கள். 1916இல் அந்த ஊரில் கடன்பட்டுப் பண்ணையோடு கட்டுண்டு கிடந்த படியாட்கள் இருந்தார்கள். 2008இல் படியாள் முறை இல்லை. ஊருக்கு வெளியே வேலை தேடிப் போகிறவர்கள் பெருகியிருந்தார்கள். ஒரு மாணவன் லீவில் கேட்டு எழுதிவைத்ததால்தான், என்ன மாறியது என்று தொண்ணூறு வருஷம் கழித்தும் சொல்ல முடிகிறது.

ஸ்லேட்டர் அனுப்பியவர்கள் கல்லூரி மாணவர்கள், உண்மைதான். ஆனால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிக் கடன் எவ்வளவு என்று கேட்கப் பட்டம் தேவையில்லை. மரியாதையும் ஒரு நோட்டும் போதும். பிளஸ் டூ பொருளியலில் 90 எழுத்துத் தேர்வுக்கு, 10 அகமதிப்பீட்டுக்கு. அந்தப் பத்தையும் வருகைப் பதிவு, சிறு தேர்வு போன்றவற்றுக்குப் பங்கிட்டுக் கொடுக்காமல், ஒரு தெருவைக் கேட்டு எழுதி வந்ததற்குக் கொடுங்கள் என்று எத்தனையோ முறை எழுதிவிட்டேன். இன்னும் எழுதுவேன்.

ஸ்லேட்டர் கதையை அவளுக்கும் சொன்னேன். மறுநாள் 80 பக்க நோட்டு ஒன்றில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவோடு விடியற்காலை மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்குப் போய், பூ எடுக்க வரும் பத்துப் பேரைக் கேட்கப் போகிறாளாம். பேர் வேண்டாம் என்று அவளே முடிவு செய்திருந்தாள். வாங்கியது, கைக்கு வந்தது, எத்தனை நாள், எதுக்காக: நாலு கட்டம்.

அம்மா மல்லிகையைத் தொடுத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"எந்த மாசம்னு ஒரு கட்டம் போடு. பள்ளிக்கூடம் திறக்கிறப்பதான் எல்லாரும் வாங்குவோம்."

அவள் ஸ்கேலை எடுத்து ஐந்தாவது கோட்டைப் போட்டாள்.