ஆன்லைனில் கண்ணாடி வாங்கலாமா?

''எனக்கு வயது 57. ஸ்ரீவைகுண்டம் பக்கம் வாழையும் நெல்லும் போட்டிருக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் எழுதிய பழைய சீட்டை வைத்து, மகன் செல்போனில் டபுள் பவர் கண்ணாடி வரவழைத்துக் கொடுத்தான். போட்டுக்கொண்டு நடந்தால் தரை சாய்ந்த மாதிரி தெரிகிறது. வரப்பில் இரண்டு முறை தடுமாறி விழுந்துவிட்டேன். மருந்து பாட்டிலில் உள்ள அளவையும் சரியாகப் படிக்க முடியவில்லை. கண்ணாடி கோளாறா, கண் கோளாறா?''

- விவசாயி ஒருவர், ஸ்ரீவைகுண்டம்.

இரண்டுமாக இருக்கலாம். முதலில் செய்ய வேண்டியது, புதிதாகக் கண் பரிசோதனை. 50 வயதைத் தாண்டியவர்களுக்கு இரண்டு ஆண்டுகளில் பவர் மாறுவது சாதாரணம். கண்புரை வளரத் தொடங்கினாலும் பவர் மாறும். சர்க்கரை நோய் இருந்தால், ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கும்போது பார்வையும் மாறும். சர்க்கரை கட்டுக்குள் வந்த பிறகு பவர் எடுப்பதுதான் சரி. இதையெல்லாம் பழைய சீட்டு சொல்லாது.

அடுத்து, கண்ணாடியைப் பார்ப்போம். ஒவ்வொரு லென்ஸுக்கும் ஒரு மையப் புள்ளி உண்டு. அது கண்மணிக்கு நேராக அமைய வேண்டும். இரண்டு கண்மணிகளுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் 'பி.டி.' என்கிறார்கள். பெரியவர்களுக்கு இது பெரும்பாலும் 54 முதல் 74 மில்லிமீட்டருக்குள் இருக்கும். 4 பவர் உள்ள லென்ஸின் மையம் 5 மில்லிமீட்டர் விலகினால், ஒரு மீட்டர் தள்ளியிருக்கும் பொருள் 2 சென்டிமீட்டர் இடம் மாறித் தெரியும். அதைச் சரிக்கட்டக் கண் தசைகள் இழுபறிப்படும், தலைவலி வரும். பல சீட்டுகளில் பி.டி. எழுதியிருக்காது. எழுதாத இடத்தில் விற்பவர் ஒரு சராசரி அளவைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு.

டபுள் பவர் கண்ணாடிக்கு இன்னொரு அளவும் தேவை. கீழே உள்ள படிக்கும் பகுதி எந்த உயரத்தில் தொடங்க வேண்டும் என்பதை, ஃபிரேமை முகத்தில் மாட்டிய பிறகுதான் குறிக்க முடியும். செல்போனில் இதைச் சரியாக எடுப்பது கடினம். அந்தப் பகுதி ஒரு முழத்துக்குள் உள்ள எழுத்தைப் படிப்பதற்கானது. நடக்கும்போது குனிந்து பார்த்தால், நாலைந்து அடி தள்ளியிருக்கும் வரப்பை அதன் வழியாகத்தான் பார்க்க நேரிடும். தரை மங்கும், துள்ளும். ஆஸ்திரேலியாவில் நடந்து 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், டபுள் பவர் வகைக் கண்ணாடி அணிந்த முதியவர்களுக்கு, வெளியே செல்லும்போது போட்டுக்கொள்ளத் தூரப்பார்வைக்கு மட்டுமான கண்ணாடியைத் தனியாகக் கொடுத்தார்கள். வழக்கமாக வெளியில் நடமாடுபவர்கள் கீழே விழுவது ஏறக்குறைய 40 சதவிகிதம் குறைந்தது.

எனவே, வயலுக்குத் தூரப்பார்வைக் கண்ணாடி ஒன்று, படிக்க ஒன்று என இரண்டாக வைத்துக்கொள்வது உங்களுக்கு நல்லது. படிக்கும் கண்ணாடியை மருந்துப் பெட்டியோடு சேர்த்தே வையுங்கள். பூச்சிக்கொல்லி பாட்டிலில் உள்ள சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் கண்ணாடி இல்லாமலும் தெரியும். ஆனால், லிட்டருக்கு எத்தனை மில்லி என்ற பொடி எழுத்து தெரியாது. அதைத் தப்பாகப் படித்தால் பயிரும் போகும், உடம்பும் கெடும். அதுவரை மருந்து கலக்கும் முன், கண் தெளிவாக உள்ள ஒருவரைப் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். இப்போதைய கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரப்பில் இறங்கவோ, வண்டி ஓட்டவோ வேண்டாம்.

''ஆத்தூர் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வேலைக்குப் போகிறேன். இலை தரம் பிரித்துக் கவுளி கட்டும்போது கண் கூசி நீர் வடிகிறது. 200 ரூபாய் கண்ணாடி ஆன்லைனில் வருகிறதாம். வாங்கலாமா?''

- வாசகி ஒருவர், ஏரல்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்குக் கிட்டத்தில் உள்ளது மங்குவதை 'வெள்ளெழுத்து' என்று நம் ஊரில் சொல்வார்கள். இது நோய் அல்ல. வயதால் கண்ணின் லென்ஸ் இறுகுவதுதான் காரணம். படிக்கத் தெரியாதவர்களுக்கும் இந்தக் கண்ணாடி தேவை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் வெளியானது. கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி பெற்றவர்களின் இலை பறிக்கும் அளவு, பெறாதவர்களைவிட 21.7 சதவிகிதம் கூடியிருந்தது. இலையோடு புழங்கும் உங்கள் வேலைக்கும் இது பொருந்தும்.

இரண்டு கண்ணிலும் ஒரே பவர், சாய்வுப் பவர் இல்லை, தூரப்பார்வை நன்றாக இருக்கிறது என்றால், விலை குறைந்த ரெடிமேட் கண்ணாடியே போதும். ஆனால், அப்படித்தானா என்பதை ஒருமுறை பரிசோதித்தபிறகே தெரிந்துகொள்ள முடியும். கண் கூசி நீர் வடிவதற்கு வெள்ளெழுத்து மட்டும் காரணமாக இருக்காது. வெயிலாலும் தூசியாலும் வரும் சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம். கண்ணில் நெல் சுணையோ, இலையோ பட்டு வலியும் சிவப்பும் இருந்தால் கண்ணாடி வாங்கிக் காத்திருக்க வேண்டாம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் என எதையும் ஊற்றாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

''எங்கே பரிசோதிப்பது? ஆன்லைனில் வாங்கினால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?''

- இளைஞர் ஒருவர், கருங்குளம்.

தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் கண் பிரிவு உண்டு. திருநெல்வேலியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. அதைத் தொடங்கிய டாக்டர் வெங்கடசாமி, எட்டயபுரம் அருகே வடமலாபுரத்தில் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். அரசுப் பணியில் ஓய்வுபெற்று, 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு ஆரம்பித்தார். தேசியப் பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கும் வெள்ளெழுத்து உள்ள முதியவர்களுக்கும் இலவசக் கண்ணாடி தர வழி இருக்கிறது. அரசு மருத்துவமனையில் கேட்டுப் பாருங்கள்.

பரிசோதனை முடிந்ததும் சீட்டைக் கையில் வாங்குங்கள். 'எஸ்.பி.எச்.' என்பது அடிப்படைப் பவர்; கூட்டல், கழித்தல் குறி மாறினால் எல்லாமே மாறும். 'சி.ஒய்.எல்.' சாய்வுப் பவர். 'ஆக்சிஸ்' அதன் கோணம். 'ஆட்' படிக்கும் பவர். பி.டி.யையும் அங்கேயே எழுதித் தரச் சொல்லுங்கள்.

ஒற்றைப் பவர், குறைந்த அளவு, பழகிய ஃபிரேம் என்றால் ஆன்லைனில் வாங்கலாம். பழைய ஃபிரேமின் உட்புறத்தில் 52-18-140 என்பதுபோல் எண்கள் இருக்கும். லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், காதுக் கம்பி நீளம் ஆகியவைதான் அவை. அதே அளவில் எடுங்கள். சிறு பிள்ளைகள், அதிகப் பவர் உள்ளவர்கள், முதல்முறை டபுள் பவர் போடுபவர்கள் நேரில் வாங்குவதே நல்லது. களை வெட்டும் கருவி ஓட்டுபவர்கள், எளிதில் உடையாத பாலிகார்பனேட் லென்ஸ் கேளுங்கள். அதோடு பக்கம் மூடிய பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். 'புளூ கட்' லென்ஸுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை. கண் சோர்வை அது குறைப்பதாக, 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பில் ஆதாரம் கிடைக்கவில்லை.

கண்ணாடி வந்ததும், பரிசோதித்த இடத்தில் கொடுத்து, பவர் அளக்கும் கருவியில் வைத்துச் சீட்டோடு ஒப்பிடுங்கள். புதுப் பவர் பழகச் சில நாள்கள் ஆகும். ஒரு வாரம் கழித்தும் தரை சாய்ந்தால், அதைப் பழக்கமின்மை என்று மட்டும் விட்டுவிட வேண்டாம். திருப்பி அனுப்பும் கெடுவை வாங்கும் முன்பே பாருங்கள். நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் 2020-ன்படி, புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். தீர்க்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை உள்ள பொருளுக்குக் கட்டணம் இல்லை. பில்லையும் சீட்டையும் பத்திரமாக வைத்திருங்கள்.