பாதி விலையில் லேப்டாப்! வாங்கலாமா?

"பாதி விலைக்குக் கொடுக்கிறான்டா தம்பி! இன்றைக்கு விட்டால் கிடைக்காது!"

இப்படிச் சொல்லி, சென்ற ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் என்னைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அவள் மகள் பி.காம். சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் வேண்டும். இரண்டு ஆண்டு சீட்டுக் கட்டி எடுத்த 20 ஆயிரம் ரூபாய் அக்காளின் கைப்பையில் இருந்தது.

கடை வாசலில் பெரிய தட்டி. ரூ.42 ஆயிரத்து 990 என்று எழுதி, அதன் மேல் சிவப்புக் கோடு. கீழே ரூ.19 ஆயிரத்து 990!

லேப்டாப் அழகாகத்தான் இருந்தது. வெள்ளி நிறம். கையில் எடுத்தால் கனமே இல்லை. அக்காள் மகள் அதைத் தடவித் தடவிப் பார்த்தாள்.

நான், "வேண்டாம்" என்றேன்.

அக்காளுக்குக் கோபம் வந்துவிட்டது. "நீயும் வாங்கித் தர மாட்டாய். வாங்குகிறவளையும் விட மாட்டாய்!" என்றாள்.

நான் ஏன் வேண்டாம் என்றேன்? சொல்கிறேன், கேளுங்கள்.

சிவப்புக் கோடு

பெட்டியின் மேல் அதிகபட்ச சில்லரை விலை என்று ஒன்று அச்சிட்டிருக்கும். அதற்கு மேல் விற்கக் கூடாது என்பது சட்டம். அந்த விலைக்கு யாராவது என்றைக்காவது வாங்கினார்களா? அதைச் சட்டம் கேட்பதில்லை. 43 ஆயிரம் என்று போட்டு 20 ஆயிரத்துக்குக் கொடுத்தால், 23 ஆயிரம் மிச்சம் என்று நமக்குத் தோன்றுகிறது. அந்த 23 ஆயிரம் எங்கே இருந்தது? தட்டியில்தான் இருந்தது!

சேலைக் கடையில் நம் தாய்மார்கள் இப்படி ஏமாற மாட்டார்கள். துணியைக் கசக்கிப் பார்ப்பார்கள். வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பார்கள். லேப்டாப்பைக் கசக்கிப் பார்க்க முடியாது. உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மேடையும் சாமான் அறையும்

இரண்டு சொற்கள் தெரிந்தால் போதும். ஒன்று ராம். இன்னொன்று ஸ்டோரேஜ்.

ராம் என்பது சமையல் மேடை மாதிரி. ஸ்டோரேஜ் என்பது சாமான் அறை. மேடை சின்னதாக இருந்தால் என்ன ஆகும்? காய் நறுக்க இடம் வேண்டும் என்றால் மாவுப் பாத்திரத்தை எடுத்து உள்ளே வைக்க வேண்டும். மாவு வேண்டும் என்றால் காயை எடுத்து வைக்க வேண்டும். சமையல் நடக்கும். ஆனால், சாப்பாட்டு நேரம் போய்விடும்!

அந்த வெள்ளி நிற லேப்டாப்பில் 4 ஜி.பி. ராம். 64 ஜி.பி. ஸ்டோரேஜ். அதுவும் இ.எம்.எம்.சி. என்னும் மலிவு வகை. எஸ்.எஸ்.டி. என்னும் நல்ல வகையைவிட வேகம் குறைவு. பலகையோடு ஒட்டியே வரும். கழற்றி மாற்ற முடியாது.

விண்டோஸ் 11 ஓடுவதற்குக் குறைந்தது இந்த 4-ம் 64-ம் வேண்டும் என்றுதான் மைக்ரோசாப்ட் நிறுவனம் சொல்கிறது. ஓடும், பொய் இல்லை. உயிரோடு இருக்க ஒருவனுக்குக் கஞ்சி போதும். அந்தக் கஞ்சியைக் குடித்துவிட்டு மூட்டை தூக்க முடியுமா?

நான் பட்ட பாடு

இது எனக்கு எப்படித் தெரியும்? நானும் வாங்கினேன்! 2021-ம் ஆண்டு, கொரோனா காலம். பள்ளிக்கூடம் வீட்டுக்குள் வந்துவிட்டது. இதே போல ஒரு தள்ளுபடி லேப்டாப்பை மகனுக்கு வாங்கினேன்.

ஆறு மாதம் ஆகவில்லை. விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள இடம் கேட்டது. பாடங்களை அழித்தோம். படங்களை அழித்தோம். மறுபடியும் இடம் கேட்டது. காலையில் ஆசிரியை பெயர் வாசிப்பார். வகுப்புத் திரை திறந்து என் மகன் "உள்ளேன் அம்மா" என்று சொல்வதற்குள் கணக்குப் பாடம் ஆரம்பித்துவிடும். வீட்டில் இருந்துகொண்டே பல நாள் அவனுக்கு 'ஆப்சென்ட்'!

கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். "வாரண்டி இருக்கிறது சார். ஆனால், இது ரிப்பேர் இல்லை. இந்த மாடல் இப்படித்தான் வேலை செய்யும்" என்றார்கள். அதற்கு நான் என்ன பதில் சொல்வது?

மூன்று விசை

கடைக்காரத் தம்பி என்னைச் சமாதானப்படுத்தினார். "பிறகு ராம் கூட்டிக்கொள்ளலாம் சார்" என்றார்.

நான் கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். டாஸ்க் மானேஜர் திறந்தது. அதில் 'மெமரி' என்ற இடத்தைக் காட்டினேன். ஒரு வேலையும் செய்யாமல் சும்மா கிடக்கும்போதே 68 சதவீதம் காலி! கல்லூரி இணையதளத்தையும் ஒரு வீடியோவையும் திறந்தோம். 90-ஐத் தாண்டியது. அக்காள் மகள் வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ராம் கூட்ட வேண்டும் என்றால் உள்ளே காலி இடம் இருக்க வேண்டும். "இதில் இருக்கிறதா தம்பி?" என்று கேட்டேன். விசாரித்துவிட்டு வந்து, "ஒட்டித்தான் சார் வருகிறது" என்றார். இடம் இருக்கிற லேப்டாப்பிலும் இப்போது அது சும்மா வேலை இல்லை. 2025-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் உலகச் சந்தையில் ராம் விலை கடுமையாக ஏறியது.

வீட்டில் தாத்தா இருக்கிறார், செய்தி படிப்பார், பாட்டுக் கேட்பார் என்றால் அந்த லேப்டாப் போதும். மூன்று ஆண்டு படிக்க வேண்டிய பெண்ணுக்குப் போதாது. 8 ஜி.பி. ராம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி. இதற்குக் கீழே எத்தனை சதவீதம் தள்ளுபடி கொடுத்தாலும் மாணவர்களுக்கு வாங்காதீர்கள் என்பது என் கட்சி.

இருபதாயிரம்தான் இருக்கிறதே, என்ன செய்வது? கம்பெனிகள் சில ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கழிக்கிற லேப்டாப்புகளைச் சரி பார்த்து விற்கிறார்கள். சென்னை ரிச்சி தெருவில் போய்ப் பாருங்கள். "பழசா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். அலுவலக வேலைக்காகச் செய்தது, கட்டுறுதியானது. பெரும்பாலும் ராம் கூட்டவும் இடம் இருக்கும்.

ஆனால், இதிலும் ஒரு பள்ளம் உண்டு. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025-ம் ஆண்டு அக்டோபர் 14-ந் தேதியோடு முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாவது தலைமுறைக்கு முந்தியவற்றை விண்டோஸ் 11 பொதுவாக ஏற்பதில்லை. ஐ5 என்பதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 6300 என்றால் ஆறாவது தலைமுறை. 8250 என்றால் எட்டாவது. ஆறையும் ஏழையும் தள்ளிவிட வேண்டிய அவசரம் கடைக்காரருக்கு இருக்கலாம். உங்களுக்கு என்ன அவசரம்? பாட்டரி எத்தனை நேரம் நிற்கிறது என்று பார்த்து, பில்லும் எழுத்தில் வாரண்டியும் வாங்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

அன்று அக்காள் பணத்தைத் திருப்பிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பஸ்சில் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

மறுநாள் காலையில் போன் வந்தது.

"டேய், அந்த எட்டாவது தலைமுறை என்று ஏதோ சொன்னாயே, அதை ஒரு சீட்டில் எழுதி வை. இவள் சனிக்கிழமை வருகிறாள். நீயும் கூடப் போய்விட்டு வா."