எக்செல் டெஸ்ட் கேஸ்: அப்படியே கொட்டினால் சிக்கல்தான்!

சிறுசேரி சிப்காட், மகேந்திரா சிட்டி போன்ற ஐடி வளாகங்களில் டெஸ்டர்களுக்குப் பழக்கமான வேலை இது: எக்செலில் இருக்கும் டெஸ்ட் கேஸ்களை டெஸ்ட்ரெயில் போன்ற டூலுக்கு மாற்றுவது. 'ஒரு கிளிக் வேலைதானே' என்று ஜூனியர் தலையில் கட்டுவதுதான் தப்பு.

2020-ல் இங்கிலாந்தில் பழைய எக்செல் ஃபார்மேட்டின் 65,536 வரிசை வரம்பால், சுமார் 16,000 கொரோனா பாசிட்டிவ் முடிவுகள் கணக்கில் விடுபட்டன. தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமானது.

மாமல்லபுரம் ரிசார்ட் ஒன்றின் புக்கிங் ஆப் என்று வைத்துக்கொள்வோம். '12-1' என்ற ரூம் எண்ணை எக்செல் தேதியாக்கிவிடும், டெஸ்ட்டே தப்பாகிவிடும்.

என்ன செய்யலாம்? மெர்ஜ் செய்த செல்களைப் பிரியுங்கள். தமிழ் எழுத்து சிதையாமலிருக்க யுடிஎஃப்-8 சிஎஸ்வியாகச் சேமியுங்கள். முதலில் 10 கேஸ் மட்டும் ஏற்றிப் பாருங்கள். முழுசாக ஏற்றியதும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

இதற்கு ஒரு நாள் கொடுக்க மேனேஜர்கள் யோசிக்கக் கூடாது. விடுபட்ட கேஸ், ரிலீஸுக்குப் பிறகு வாடிக்கையாளர் கையில்தான் வெடிக்கும்.