கூந்தலும் குருதியும்

கதை எழுதுகிற எங்களுக்குப் பெண்ணின் கூந்தல் என்றால் கொண்டாட்டம். கருமேகம் என்போம், அருவி என்போம். அதே கூந்தல் சீப்போடு கொத்துக் கொத்தாக வரும்போது அது எண்ணெய் வியாபாரியின் விஷயமாகிவிடுகிறது! கரிசலாங்கண்ணித் தைலமென்ன, செம்பருத்தியென்ன, வெந்தயமென்ன! தண்ணீர் மாறியதும் கண்ணேறும்கூடக் காரணங்களாகிவிடும். 'இரத்தத்தைச் சோதித்துப் பாருங்களேன்' என்றால், 'முடி கொட்டினதற்கு ஊசியா?' என்று சிரிக்கிறார்கள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதம் பேருக்கு இரத்தசோகை. மாதந்தோறும் இரத்தம் இழக்கிறவள் அவள். பல வீடுகளில் எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை உண்கிறவளும் அவளே. சாப்பிட்ட கையோடு காப்பியும் குடித்துவிட்டால், சோற்றிலிருந்த கொஞ்ச இரும்புச்சத்தும் உடம்பில் சரியாகச் சேராது.

சோதித்துக் கொள்கிறவர்களும் ஹீமோகுளோபின் 12 என்று கண்டதும் நிம்மதியாக வீடு திரும்பிவிடுகிறார்கள். ஹீமோகுளோபின் அடுப்பில் வேகிற சோறு. ஃபெரிட்டின் பத்தாயத்து நெல். பத்தாயம் காலியாகிக்கொண்டிருந்தாலும் சில நாள் உலை கொதிக்கத்தான் செய்யும். ஆரோக்கியமான பெண்ணுக்கு ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. காய்ச்சல், அழற்சி இருக்கும்போது இந்த எண் உயர்ந்து ஏமாற்றும். ஆகவே அதைப் படித்துச் சொல்ல டாக்டர் வேண்டும்.

'முடி கொட்டுவதெல்லாம் இரும்புக் குறைவாலா?' என்று கேட்பீர்கள். இல்லை. பிரசவம், தைராய்டு, கடும் காய்ச்சல், பரம்பரை என்று காரணங்கள் பல. இரும்புக்கும் முடிக்கும் உள்ள உறவு எவ்வளவு என்பதில் வைத்தியர்களுக்குள்ளேயே வாதம் உண்டு. அதனால்தான் சோதியுங்கள் என்கிறேன். சோதிக்காமல் இரும்பு மாத்திரை விழுங்குவதும் தைலம் தடவுவதைப் போன்ற குருட்டு வைத்தியமே. குறைவு என்று தெரிந்தால், இரத்தம் எங்கே போகிறது என்றும் பார்க்கவேண்டும். அதிகமான மாதப்போக்கா, மூலமா, கொக்கிப்புழுவா?

என் கோபம் வேறு. அவள் மாடிப்படியில் மூச்சு வாங்கியதை வீட்டில் யாரும் பார்க்கவில்லை. மாலையில் சோர்ந்து சுவரில் சாய்ந்தால் சோம்பல் என்றார்கள். முடி உதிர்ந்ததும் மட்டும் வீடே பதறுகிறது. நாளைக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் என்ன சொல்வார்களோ என்று!

அந்தப் பதற்றத்தினாலாவது அவளைச் சோதனைக்கு அழைத்துப் போங்கள். கூந்தல் திரும்ப வளர்கிறதோ இல்லையோ, அவளுடைய உடம்பில் இரும்பு இருக்கிறதா என்பது தெரிந்தாக வேண்டும்.